கருவாயனின் பின்னங்கால்

மூக்காயிக்கு ஆட்களின் முகத்தைவிடக் கால்தான் பழக்கம். அகரம் கிராமத்துக்கு வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து அவளைப் பார்த்து வருகிறவர்களுக்கு இது தெரியும். எதிரே யார் வந்தாலும் அவள் தலை தாழ்ந்துவிடும். கண் மட்டும் சும்மா இருக்காது. வருகிறவரின் பாதத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். செருப்பு எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, எந்தக் காலை அழுத்தி வைக்கிறார், நேற்றைக்கும் இன்றைக்கும் நடையில் என்ன மாற்றம் என்று பார்த்துக்கொண்டே இருப்பாள். பால் ஊற்ற வருகிறவருக்கு முட்டிவலி தொடங்கியது அவர் வீட்டாருக்கு முன்னாலேயே இவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் கேட்கவில்லை. கேட்க வேண்டுமென்றால் வாயைத் திறக்க வேண்டுமே.

வாயைத் திறப்பதுதான் அவளுக்குப் பெரும்பாடு. அதிலும் வேண்டாம், முடியாது என்பதெல்லாம் தொண்டைக்குக் கீழேயே நின்றுவிடும். ஏழாம் வகுப்பில் இருந்தபோது, "பூவெடுக்க ஆள் பத்தல, இந்த வாரம் மட்டும் பள்ளிக்கூடம் போக வேணாம்" என்று அப்பா சொன்னார். சரி என்றாள். அந்த வாரம் அப்படியே நீண்டுகொண்டே போய்விட்டது. கல்யாண வீட்டுப் பந்தியில் இலைக்குக் குறுக்கே கை நீட்டி, போதும் என்று சொல்லவும் அவளுக்கு வராது. விழுகிற சோற்றையெல்லாம் தின்றுவிட்டு, வீட்டுக்கு வந்து ஓமத்தண்ணீர் வைத்துக் குடிப்பாள்.

அவள் புருஷன் உடையப்பன் இதைச் சொல்லியே ஊரைச் சிரிக்கவைப்பான். "எம் பொண்டாட்டிக்கிட்ட எதை வேணும்னாலும் தள்ளிவிடலாம்ப்பா. தலையத் தலைய ஆட்டி வாங்கிக்குவா. என்னையவே அப்படித்தான் தள்ளிவிட்டாங்க."

உடையப்பன் அவளுக்கு நேர்மாறு. சுற்றுவட்டாரத் தோட்டங்களில் பூவை வாங்கி மொபட்டில் கட்டிக்கொண்டு திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவது அவன் வேலை. போகிற வழியில் நாலு பேர், வருகிற வழியில் நாலு பேர் என்று பேசிக்கொண்டே இருப்பான். விடிவதற்கு முன்பே மற்றத் தோட்டங்களில் பூ வாங்க அவன் கிளம்பிவிடுவான், தங்கள் பூவைக் கடைசியில் வந்து எடுத்துக்கொள்வான். அதனால் தங்களுடைய அரை ஏக்கர் மல்லித் தோட்டத்துக்கு மூக்காயி தனியாகத்தான் போக வேண்டும்.

தனியாக என்றும் சொல்லிவிட முடியாது. முன்னால் கருவாயன் போவான்.

செம்மண் நிற நாய், வாய் மட்டும் கரிப்பானையில் விட்டு எடுத்தது போல. குட்டியாக இருக்கும்போது வாய்க்கால் ஓரம் கிடந்தவன். மல்லியை மொட்டாக இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். வெயில் ஏறினால் மொட்டு விரியத் தொடங்கும், விரிந்த பூவை மார்க்கெட்டில் சீந்த மாட்டார்கள். அதனால் இருட்டோடு போய், தலையில் லைட்டை மாட்டிக்கொண்டு, செடி செடியாகக் குனிய வேண்டும். செடிக்கடியில் என்ன படுத்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? கருவாயனுக்குத் தெரியும். ஒவ்வொரு பாத்திக்குள்ளும் முதலில் அவன் நுழைந்து வெளியே வருவான். பிறகுதான் மூக்காயி நுழைவாள். எங்கேயாவது அவன் நின்று தொண்டைக்குள் உறுமினால், அவள் அங்கேயே நின்றுகொள்வாள். சரசரவென்று ஏதோ வேலிப் பக்கம் போகும். அவன் வாலை ஆட்டினால் மறுபடி பூவெடுப்பு.

போன ஆவணியில் ஒரு காலை. பூவெடுத்து முடிகிற நேரம், வெளிச்சம் வந்துவிட்டது. மயில் ஒன்று தோட்டத்துக்குள் இறங்கி மொட்டைக் கொத்தியது. கருவாயனுக்கு மயிலைக் கண்டால் ஆகாது. பாய்ந்து துரத்தினான். மயில் வரப்பைத் தாண்டிச் சட்டென்று பக்கவாட்டில் திரும்ப, இவனும் முழு வேகத்தில் திரும்பினான். ஒரு கத்தல்தான் கேட்டது. மூக்காயி ஓடிப்போய்ப் பார்த்தபோது இடது பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு மூன்று காலில் நின்றிருந்தான். இரத்தம் இல்லை, முள் இல்லை, வீக்கமும் பெரிதாக இல்லை. ஆனால் அந்தக் கால் தரையில் படவே இல்லை.

உடையப்பன் அவனை ஒரு பூக்கூடையில் உட்காரவைத்து, மூக்காயியின் மடியில் கொடுத்து, மொபட்டிலேயே திண்டுக்கல் கால்நடை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனான்.

"எலும்பு ஒடிஞ்சிருச்சுங்க டாக்டரம்மா. ஒரு கட்டு போட்டுவிட்டீங்கன்னா நாளைக்கே எந்திரிச்சு ஓடுவான்."

டாக்டரம்மா பேர் பிரிஸ்கில்லா. அதிர்ந்து பேசாதவர். கருவாயனைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, முட்டிக்கு மேலே ஒரு கையும் கீழே ஒரு கையுமாகப் பிடித்து, மெதுவாக அசைத்துப் பார்த்தார். கருவாயன் உதட்டைச் சுழித்தான். கடிக்கவில்லை.

"எலும்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. முட்டிக்குள்ள முன்பக்கமா ஒரு நார் இருக்கும். ரெண்டு எலும்பையும் அதுதான் பிடிச்சு நிறுத்தும். அது அறுந்துபோச்சு."

"நாரா? அப்ப முடிச்சுப் போட்டுருங்க."

"பூமாலையா முடிச்சுப் போடுறதுக்கு? ஆபரேஷன் பண்ணணும்னா வெளியூர் போகணும். அதுக்கு முன்னாடி மூணு மாசம் அடக்கி வச்சுப் பாப்போம். கட்டித்தான் போடணும். வெளிக்குப் போக மட்டும் கயித்துல பிடிச்சு மெதுவா நடத்துங்க. ஓடக் கூடாது, தாவக் கூடாது. உடம்பு மட்டும் போட விட்டுராதீங்க."

"நாய்க்கு எங்கிட்டுங்க உடம்பு போடப்போகுது?" என்று உடையப்பன் சிரித்தான். டாக்டரம்மா அதற்குள் அடுத்து நின்ற வெள்ளாட்டிடம் போய்விட்டார்.

மூக்காயிக்கு வீடு வரும்வரை ஒரே யோசனை. முட்டிக்குள் நார் என்றால் எப்படி இருக்கும்? வாழைநார் போலவா, தேங்காய் நார் போலவா? எலும்பை எப்படிப் பிடித்திருக்கும், கட்டியா, ஒட்டியா? இத்தனை வருஷம் எத்தனை காலைப் பார்த்திருக்கிறாள். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. டாக்டரம்மாவிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, கறியெடுக்கத் தானே போகிறேன் என்றாள். உடையப்பன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "நீயா? கடையில பேசணும் புள்ள, தெரியும்ல?"

தாடிக்கொம்பு ரோட்டில் அப்துல் சுக்கூர் பாய் கடை. கூட்டம் கலையும்வரை மூக்காயி ஓரமாகவே நின்றாள். பாயிடம் பேசுவது அவளுக்கு இன்னும் கஷ்டம். கறி வெட்டும் கட்டைக்குப் பின்னால் நிற்பதால் அவருடைய கால் தெரியாது, எங்கே பார்ப்பது என்று புரியாது.

"என்ன தாயி, அப்பயிருந்து நிக்கிறீங்க? என்ன போட?"

"முட்டி..."

"முட்டியா? நல்லிக்கறியா?"

"இல்ல பாய். ஆட்டோட முட்டிக்குள்ள நார் இருக்குமாம்ல. அதைப் பாக்கணும்."

பாய் கத்தியைக் கீழே வைத்தார். அவரிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. தொங்கிக்கொண்டிருந்த பின்னந்தொடை ஒன்றை எடுத்து, முட்டியைச் சுற்றி இருந்த கறியை வழித்து, மூட்டு இணைப்பை மெல்லத் திறந்தார். முட்டிச் சில்லு விலகியது. உள்ளே, இரண்டு எலும்புக்கும் நடுவில், வெள்ளை வெளேரென்று இரண்டு சின்ன நார்கள். ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகப் போயிருந்தன. பாய் காலை மடக்கினார், நீட்டினார். நார் இறுகியது, தளர்ந்தது.

"எதை அறுக்க?"

"முன்னால இருக்கிறதை."

கத்தி நுனியால் தொட்டதும் அது அறுந்தது. கீழ் எலும்பைப் பிடித்துப் பாய் முன்னால் இழுத்தார். மேசை இழுப்பறை வருவது போல அது சளக்கென்று வழுக்கிக்கொண்டு வந்தது. தள்ளினார், உள்ளே போனது. மறுபடி இழுத்தார்.

"அடேயப்பா! முப்பது வருசமா இதுமேலதான் கத்தியப் போடுறேன் தாயி, இப்படி ஒண்ணு உள்ள இருக்கும்னு நின்னு பாத்ததே இல்ல. யாருக்கு அறுந்துபோச்சு?"

"கருவாயனுக்கு."

"யாரு, உங்க கொழுந்தனா?"

"நாய், பாய்."

பாய் சிரித்த சிரிப்பில் பக்கத்து டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். சிரித்து முடித்ததும் நான்கு ஆட்டுக்கால்களைக் காகிதத்தில் சுருட்டி அவள் கூடையில் போட்டார். "கால் அடிபட்டவனுக்கு ஆட்டுக்கால் சூப்தான் தாயி. நல்லாக் கொதிக்க வச்சு ஊத்துங்க. காசெல்லாம் வேணாம். வாராவாரம் வந்து வாங்கிட்டுப் போங்க."

மூக்காயி தலையை ஆட்டி வாங்கிக்கொண்டாள்.

அதிலிருந்து தொடங்கியது. கருவாயனை வாசல் வேம்படியில் கட்டியிருந்தார்கள். ஊருக்குள் போகிறவர்கள் எல்லாம் அந்த வழிதான். கீழே விழுந்து கால் ஒடிந்து கிடக்கிறவர்களைப் பார்க்க வெறுங்கையோடு போவது அந்தப் பக்கம் வழக்கமில்லை. நாயாக இருந்தால் என்ன, தெரிந்த நாய்.

"என்னலே கருவாயா, மயிலு உன்னையப் படுக்கப் போட்டுருச்சா?" என்று ஒருவர் டீக்கடை வருக்கி ரொட்டி போடுவார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பாதி பன்னைப் போடுவார்கள். பால்காரர், வீடு வீடாக ஊற்றி மிஞ்சியதில் கொஞ்சம் ஊற்றுவார். பக்கத்து வீட்டுச் செபஸ்தியம்மாளுக்கு அவன் மேல் தனிப் பாசம். "மருமவனே" என்றுதான் கூப்பிடுவாள். நல்ல வெஞ்சனம் எது வைத்தாலும் அதில் அவனுக்கு ஒரு பங்கு வரும். உடையப்பன் மார்க்கெட்டிலிருந்து திரும்பும்போது சட்டைப்பையில் பிஸ்கட் பொட்டலம் இல்லாமல் வந்ததே இல்லை. இதற்கு மேல் பாய் கடைச் சூப்.

மூக்காயி யாரையும் தடுக்கவில்லை. அவளுக்கு வேறொரு வேலை இருந்தது. காலையில் வாசல் தெளித்ததும், கோலம் போடுவதற்கு முன், ஈர மண்மீது கருவாயனைக் கயிற்றில் பிடித்து ஒரு நடை நடத்துவாள். பிறகு குனிந்து தடத்தைப் பார்ப்பாள். முதலில் மூன்று தடம்தான் இருந்தது. கொஞ்ச நாள் கழித்து இடது பின்பக்கம் இரண்டு நகம் பட்ட கோடு. அதைப் பார்த்துவிட்டுப் பால் காய்ச்சவும் மறந்து உட்கார்ந்திருந்தாள். அப்புறம் விரல் பதிந்தது. ஐப்பசி மழை தொடங்கியபோது முழுப் பாதமும் பதிந்தது. நாளாக நாளாகத் தடம் ஆழமாகிக்கொண்டே வந்தது. ஆழம் கூடினால் அந்தக் காலில் ஊன்றுகிறான் என்றுதானே அர்த்தம்? அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒன்று மட்டும் விளங்கவில்லை. தடம் இவ்வளவு ஆழமாக இருக்கிறவன், எழுந்திருக்கும்போது ஏன் முன்னைவிட முனகுகிறான்?

டாக்டரம்மா வரச்சொன்ன நாளில் கூட்டிப்போனார்கள். பூக்கூடையில் இந்தத் தடவை கருவாயன் அடங்கவில்லை. அவர் அவனைத் தராசில் ஏற்றினார். முன்பு எழுதியதைப் பார்த்தார். மறுபடி தராசைப் பார்த்தார்.

"கால் தேறல. ஆள் நல்லாத் தேறியிருக்கான். என்ன போடுறீங்க இவனுக்கு?"

உடையப்பன் பெருமையாக ஒவ்வொன்றாகச் சொன்னான். சூப்புக்கு வரும்போது டாக்டரம்மா கையை உயர்த்தி நிறுத்தினார்.

"அந்த நார் மறுபடி ஒட்டாது. முட்டியச் சுத்தி இருக்கிற சதை இறுகித்தான் எலும்பை நிறுத்தணும். அதுக்கு உடம்பு லேசா இருக்கணும். இந்தப் பாரத்துக்கு இன்னொரு முட்டியும் சேந்து அறுந்துரும். அப்புறம் பின்பக்கமே தூக்க மாட்டான். படுத்த படுக்கைதான்."

மூக்காயிக்கு அப்போதுதான் தடம் புரிந்தது. ஒரு கால் மட்டும் அழுந்தவில்லை. நான்கும் அழுந்தியிருந்தன. அவள் ஒன்றை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

வீட்டுக்கு வந்து யோசித்தாள். சோற்றைக் குறைப்பது அவள் கையில் இருக்கிறது. டாக்டரம்மா சொன்னபடி பூசணிக்காயை வேகவைத்துப் பாதி வயிற்றை நிரப்பிவிடலாம். ஊரார் போடுவதை யார் நிறுத்துவது? உடையப்பனைச் சொல்லச் சொன்னாள்.

"நானா? நல்ல மனசோட குடுக்கிறவங்கள வேணாம்னா நாளைக்கு நம்ம நல்லது கெட்டதுக்கு எவன் வருவான்? வேணும்னா 'நாய் கடிக்கும்'னு போர்டு எழுதி மாட்டுவோம்."

"இவன் கடிப்பான்னு யாரு நம்புவா?"

கருவாயனைக் கொல்லைப்பக்கம் மாற்றிக் கட்டினாள். செபஸ்தியம்மாள் வீட்டுக் கொல்லை வழியாக எல்லாரும் அங்கேயும் வந்தார்கள்.

இதற்கிடையில் பூவெடுப்பும் கெட்டது. கருவாயன் இல்லாமல் இருட்டில் பாத்திக்குள் கால் வைக்க அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. குச்சியால் செடியைத் தட்டித் தட்டி, நின்று காது கொடுத்து, பயந்து பயந்து எடுப்பாள். முடிப்பதற்குள் பாதி மொட்டு விரிந்துவிடும். ஒரு நாள் செடிக்கடியில் கிடந்த சொட்டுநீர்க் குழாயைப் பாம்பென்று நினைத்துக் கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். சிதறியதைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு உடையப்பன் மார்க்கெட்டுக்குப் போனபோது ஏலம் முடிந்திருந்தது. "தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுட்டு நீ நூல் மில்லுக்குப் போயேன்" என்றான். அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். மூக்காயி வழக்கம் போலத் தலையை ஆட்டப் போனாள், பாதியில் நிறுத்தினாள். அவள் வாயைத் திறக்காமல் பொழுதெல்லாம் நிம்மதியாக இருக்கக்கூடிய ஒரே இடம் அந்த அரை ஏக்கர்தான்.

கார்த்திகையில் செபஸ்தியம்மாள் மகளுக்கு நிச்சயம் நடந்தது. சீரகச் சம்பாவில் பிரியாணி; தெருவே மணத்தது. மறுநாள் மதியம் ஒரு சருவச்சட்டி நிறையச் சோறும் எலும்புமாக அவள் கொல்லைவழியே வந்தாள்.

"ஏத்தா மூக்காயி! எங்கடி எம் மருமவன்? அவனுக்குன்னே நெஞ்செலும்பாப் பொறுக்கி வச்சேன்."

மூக்காயி அவள் காலைப் பார்த்தாள். விசேஷ வேலையில் நின்று நின்று கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன. அந்தக் காலோடு ஒருத்தி நாய்க்கென்று பொறுக்கி எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். அதுவும் நிச்சயத்துச் சோறு. அதை வேண்டாம் என்பது அந்த நல்ல காரியத்தையே வேண்டாம் என்பது மாதிரி.

"வேணாம் மதினி" என்றாள். அது அவளுக்கே கேட்கவில்லை. சட்டி கீழே இறங்கியது. கருவாயன் மூக்கை நீட்டினான்.

மூக்காயி சட்டிக்குக் குறுக்கே கையை வைத்தாள்.

"வேணாங்கிறேன்ல!"

கோழிகள் சிதறி ஓடின. கருவாயன் காதை மடக்கிக்கொண்டான். செபஸ்தியம்மாள் நிமிர்ந்தாள்.

"என்னடி... எங்க வீட்டுச் சோத்துல விஷமா வச்சிருக்கேன்?"

"இல்ல மதினி. அவன் நடக்கணும்."

"தின்னாத்தானடி நடப்பான்?"

"தின்னா நடக்க மாட்டான். அவன் முட்டிக்குள்ள நாரு இல்ல. நான் பாத்தேன், பாய் அறுத்துக் காட்டுனாரு. உடம்பு ஏறுனா இன்னொரு காலும் போயிருமாம். அவன் படுத்துட்டா நான் யாரு பின்னால தோட்டத்துக்குப் போவேன்? எனக்கு வேற யாரு கூடயும் போகத் தெரியாது மதினி."

இத்தனை வருஷத்தில் மூக்காயி இவ்வளவு நீளமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. செபஸ்தியம்மாள் சட்டியை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனாள். கொல்லைப் படலைச் சாத்திய சத்தம் மட்டும் பெரிதாக இருந்தது.

பொழுது சாய்வதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. உடையப்பன் தலையில் கைவைத்து உட்கார்ந்தான். "அந்தம்மா மூஞ்சியில நான் எப்படிடி முழிப்பேன்?"

"முழிக்க வேணாம். பையில இருக்கிற பிஸ்கட்ட எடுத்து உள்ள வைங்க. அது போதும்."

சொல்லிவிட்டு அவளே திகைத்துப்போனாள். இரண்டாவது தடவை இவ்வளவு சுலபமாக வருமா? இனி ஏதோ நடக்கும் என்று சாயங்காலம் முழுக்கக் காத்திருந்தாள். என்ன நடக்கும் என்று அவளுக்கே தெரியவில்லை. இத்தனை காலம் எதற்குப் பயந்தாளோ அது வர வேண்டுமே. அடுப்பில் உலை கொதித்தது. கோழிகள் அடைந்தன. ஒன்றும் வரவில்லை.

மறுநாளிலிருந்து ஒவ்வொருவரிடமும் சொல்லிப் பார்த்தாள். சொன்னதும் அவர்கள் கால் என்ன செய்கிறது என்று கவனித்தாள். பால்காரர் கால் ஒரு எட்டுப் பின்னால் போனது. பிள்ளைகள் பெருவிரலால் மண்ணைக் கிளறினார்கள். வருக்கி போடுகிறவர் எதுவும் நடக்காதது போல நின்று, அந்த வருக்கியைத் தானே கடித்துக்கொண்டார். பாயிடம் போய், "இனிமே கால் வேணாம் பாய், உடம்பு போடுது" என்றபோது அவர், "இதை அன்னைக்கே சொல்லிருக்கலாம்ல தாயி?" என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு கேள்வியை அவள் பல நாள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

கருவாயன் மெல்ல இளைத்தான். டாக்டரம்மா, இனிக் கயிற்றில் பிடித்துக் கொஞ்சம் கூடுதலாக நடத்தலாம், ஆனால் ஒவ்வொரு எட்டும் ஊன்றி வைக்கிற அளவுக்கு மெதுவாக என்றார். எவ்வளவு மெதுவாக என்று மூக்காயி இந்தத் தடவை வாயைத் திறந்து கேட்டாள். அவர் நடந்து காட்டினார். அதைப் பார்த்ததும், "இது பூவெடுக்கிற வேகமுல்ல?" என்றாள் மூக்காயி. அடுத்த நாள் காலையே கயிற்றின் ஒரு முனையை இடுப்பில் கட்டிக்கொண்டு அவனைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனாள். ஒரு செடியில் எடுத்து முடிக்கும்வரை நிற்பான். அவள் நகர்ந்தால் ஒரு எட்டு வைப்பான். வாய்க்காலைத் தாண்ட விடாமல், சுற்றிப் போகும் வண்டிப் பாதையில் அழைத்துவருவாள். முதலில் பாதித் தோட்டம். தை முடிவதற்குள் முழுத் தோட்டம்.

இப்போது கருவாயன் நான்கு காலிலும் நடக்கிறான். குளிர்ந்த காலைகளில் எழுந்திருக்கும்போது இடது பின்னங்கால் கொஞ்சம் விறைக்கிறது; பத்து எட்டு நடந்தால் சரியாகிவிடுகிறது. முட்டி இறுகிவிட்டது, ஆபரேஷன் தேவையில்லை, ஆனால் அடுத்த முட்டியைப் பற்றி உறுதி சொல்ல முடியாது என்கிறார் டாக்டரம்மா. மயில்கள் வந்து தின்றுவிட்டுப் போகின்றன, அவனை அவிழ்த்துவிடுவதில்லை. செபஸ்தியம்மாள் மாசிக்குப் பிறகு பேசத் தொடங்கிவிட்டாள், அந்தச் சருவச்சட்டியை மட்டும் அவ்வப்போது சொல்லிக் காட்டுவாள். தோட்டத்தைக் குத்தகைக்கு விடவில்லை. பூ விரிவதற்கு முன்பே மார்க்கெட்டுக்குப் போய்விடுகிறது.